அனுப்புநர்

கிச்சிப்பாளையம் பள்ளியில்
ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு
ஃபேன் ஒன்று; அதுவும் யோசித்து யோசித்துச் சுற்றும்.
ஜன்னலில் சேர்வராயன் மலை தெரியும்.
அங்கே மேலே உள்ள பள்ளிகளில்
நீச்சல்குளம்கூட உண்டாம்.
சனிக்கிழமை பத்து மணிக்கு
பெஞ்சுகளைத் திருப்பிப் போடுகிறோம்.
பிள்ளைகள் இந்தப் பக்கம்,
ஊர் எதிர்ப்பக்கம்.

ஆரம்பித்தது ஒரு லீவ் லெட்டரில்.
தாரகேஸ்வரி மூன்று நாள் வரவில்லை.
காரணம் எழுதியிருந்தாள்:
'அம்மாவோடு கலெக்டர் ஆபீஸ் போனேன்.
மனு எழுத நூறு ரூபாய் கேட்டார்.
நூறு சேர இரண்டு நாள் ஆயிற்று.'
ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை.
சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன்.

ஹெச்.எம். பீரோவைத் திறந்து
வெள்ளைத்தாள் ஒரு கட்டும்
துருப்பிடித்த ஸ்டேப்ளரும் கொடுத்தார்.
'எவனாவது காசு வாங்கினான்னு தெரிஞ்சா
டி.சி.தான்' என்றார்.

முதல் வாரம் நான்கு பேர்.
இப்போது சைக்கிள் ஸ்டாண்ட் வரைக்கும் வரிசை.

பெருமாயிக்கு ரேஷன் கார்டில் வயது பதினாறு,
மகனுக்கு நாற்பத்தொன்று.
'எம் மவனுக்கு அப்புறம் பொறந்தவளாம் நான்,
கொஞ்சம் திருத்திக் குடு சாமி.'

கொலுசுப் பட்டறை முருகவேலுக்கு
ஆசிட்டில் விரல்ரேகை அழிந்துவிட்டது.
ரேஷன் கடை மெஷின்
நீங்கள் நீங்கள் இல்லை என்கிறதாம்.

பர்கத் பேனாவைக் கடித்தான்.
பாடப்புத்தகத்துக் கடிதத்தில்
அனுப்புநர் எப்போதும் அ.அ.அ.,
வசிப்பது ஆ.ஆ.ஆ. தெரு,
கேட்பது தெருவிளக்கு,
கிடைப்பது ஐந்து மதிப்பெண்.
இன்று அ.அ.அ. நேரில் வந்து
பீடி வாசனையோடு உட்கார்ந்திருக்கிறார்.
தெருவுக்குத்தான் பெயர் இல்லை:
மேப்பில் திருமணிமுத்தாறு என்று போட்ட
சாக்கடைக்குப் பக்கத்தில்
மூன்றாவது தகரம்.

'டீச்சர், ஆண்டு வருமானம்னு கேக்குது.
இவருக்கு வாரக் கடைசியில மிச்சம் சைபர்.
அம்பத்திரண்டால பெருக்கவா?'

ஐந்தாவது சனிக்கிழமை
மடக்கு மேசையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்தார்.
குழந்தைசாமி. கலெக்டர் ஆபீஸ் வாசலில்
இருபத்திரண்டு வருடமாக மனு எழுதுகிறவர்.
'தெனம் பதினஞ்சு மனு எழுதுவேன்.
போன திங்கக்கெழம மூணு.
நீங்க செய்யறது தர்மம்தாங்க டீச்சர்.
எம் பொழப்புல கைய வெச்சு செய்யற தர்மம்.'

ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.
இதற்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும்
எனக்குப் பதில் சொல்லித்தரவில்லை.
ஹெச்.எம். ஸ்டேப்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாரகேஸ்வரி ஒரு தாளை எடுத்தாள்.
மேலே இடப்பக்கம் 'அனுப்புநர்' என்று எழுதி
நிமிர்ந்தாள். 'பேர் சொல்லுங்க.'
அந்த நூறு ரூபாய் கேட்டவர் இவர்தான்.
அவளுக்கு அது தெரியும் என்பது
அவள் காது சிவந்ததில் எனக்குத் தெரிந்தது.

அவர் நின்றார்.
ரொம்ப நேரம் கழித்து உட்கார்ந்தார்.
ஊருக்கெல்லாம் உதவித்தொகை எழுதியவர்
தனக்கென்று ஒரு வரி எழுதியதில்லை.
'தாழ்மையுடன்னு போடு கண்ணு.'
'டீச்சர் அது வேண்டாம்னு சொல்லியிருக்காங்க.'

முடித்த தாளை வாங்கிப் படித்தவர்
சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து
'கேட்டு கொள்கிறேன்' நடுவில்
ஒரு 'க்' சேர்த்தார்.
அந்தப் பெண்
ஒற்றை விடுகிற பெண் இல்லை.
நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

அவருடைய மனுவுக்கு
இன்னும் பதில் வரவில்லை.
மூணு மனு பதினஞ்சாகவும் இல்லை.
சனிக்கிழமைகளில் பெஞ்சைத் திருப்பும்போது
அது ஞாபகம் வருகிறது;
இருந்தும் திருப்புகிறோம்.

பெருமாயிக்குத் திருத்திய கார்டு வந்துவிட்டது.
வயது: நூற்றாறு.
மறுபடி வரிசையில் நிற்கிறாள்,
பொக்கை வாயெல்லாம் சிரிப்பு.
பர்கத் புதுத் தாள் எடுக்கிறான்.